"உன்ர பக்கத்துப் பிழையோ?": சிறுவர் இரத்தப் புற்றுநோயும் மரபணு என்ற சொல்லும்

அந்த அறிக்கை நான்காக மடிக்கப்பட்டு ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. முல்லைத்தீவுக்கும் மஹரகமவுக்கும் இடையில் பல தடவைகள் பஸ்ஸில் போய்வந்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு வரிக்குக் கீழே யாரோ நீலப் பேனாவால் இரண்டு முறை கோடு இழுத்திருந்தார்கள்.

"இதைத்தான் அக்கா ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. இதில மரபணு எண்டு போட்டிருக்காம். அதை வைச்சுத்தான் வீட்டில சண்டை."

வடக்கிலிருந்து சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வரும் குடும்பங்கள் எங்கே தங்குகின்றன, என்ன செலவழிக்கின்றன என்று எழுதுவதற்காகத்தான் அன்று நான் அங்கே போயிருந்தேன். அந்தக் கட்டுரை இன்னும் முடியவில்லை. முடியாததற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

அவருக்கு 29 வயது. மகனுக்கு நான்கு. பிள்ளைக்கு வந்திருப்பது இரத்தப் புற்றுநோய்களில் சிறுவரிடையே மிக அதிகமாகக் காணப்படும் வகை. எங்கள் ஊர்களில் 'பிளட் கான்சர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். வைத்தியர்கள் இதைக் கூர்மையான நிணநீர்க்கல லூக்கேமியா என்கிறார்கள். உறவினர் ஒருவர் அறிக்கையை இணையத்தில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். 'மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது' என்று வந்திருக்கிறது. மரபணு என்றால் பரம்பரை, பரம்பரை என்றால் இரண்டு குடும்பங்களில் ஒன்று பொறுப்பு. மாமி தங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்கு இப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். இவருடைய தங்கைக்குப் பேசிவந்த கலியாணம் நின்றுபோனது. வெளியில் கேட்பவர்களுக்கு 'பிள்ளைக்குச் செங்கமாரி' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கணவர் தேநீர் வாங்கப் போன பிறகு, அவர் இன்னொன்றைக் கேட்டார்.

"2009 இல எனக்குப் பதின்மூண்டு வயசு. மாத்தளன்ல இருந்து கடைசி மட்டும் பங்கருக்குள்ளதான் கிடந்தனாங்கள். அந்தப் புகையெல்லாம் குடிச்சனான். அது என்ர உடம்புக்குள்ள இருந்து பிள்ளைக்குப் போயிட்டுதோ அக்கா?"

நான் ஊடகக் கற்கை படித்தவள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் பாடத்தை மூடிவைத்தவள். அந்த இடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விஞ்ஞானத்தில் பதில் உண்டு. அதைத் தேடி வாசித்ததையே இங்கே எழுதுகிறேன்.

கோடிட்ட வரி சொன்னது

அந்த வரியில் இருந்தது ஈ.ரி.வி 6, ரன்எக்ஸ் 1 என்ற இரண்டு மரபணுக்களின் பெயர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே சோதனையின் முடிவு. எங்கள் பாடப்புத்தகத்தில் நிறமூர்த்தம் என்று படித்தோமே, அதில் 12ஆம் இலக்கத்தில் முதலாவது மரபணுவும் 21ஆம் இலக்கத்தில் இரண்டாவதும் இருக்கின்றன. இரண்டு நிறமூர்த்தங்களும் உடைந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டும்போது, ஒன்றோடு ஒன்று சேராத இரு மரபணுக்கள் சேர்ந்து ஒரு புதிய, பிழையான கட்டளையைக் குருதிக் கலத்துக்கு வழங்குகின்றன. சிறுவரின் இந்த வகை லூக்கேமியாவில் ஏறத்தாழ நான்கிலோ ஐந்திலோ ஒன்றில் இந்த ஒட்டு காணப்படுகிறது.

இது தாயிடம் இல்லை. தகப்பனிடமும் இல்லை. பிள்ளையின் தோலிலும் ஈரலிலும் மூளையிலும் கூட இல்லை. என்புக்குள் இருக்கும் மச்சையில், குருதி உற்பத்தியாகும் இடத்தில், ஒரேயொரு கலத்தில் ஏற்பட்ட உடைவு அது. அந்தக் கலம் பெருகியதால்தான் நோய்.

மரபணு என்ற ஒரே சொல்லை நாங்கள் இரண்டு வெவ்வேறு விடயங்களுக்குப் பயன்படுத்துகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விதைநெல்லிலேயே கலப்பிருந்தால் வயல் முழுவதும் அது தெரியும், அடுத்த போகத்துக்கும் போகும். நல்ல விதை போட்டு விளைந்த வயலில் ஒரு கதிரில் மட்டும் கோளாறு வந்தால், அந்தக் கதிருக்காக யாரும் விதைநெல்லைக் குறை சொல்வதில்லை. அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது கதிரின் கதை. வீட்டில் நடந்த சண்டையோ விதைநெல்லைப் பற்றியது.

இன்னொன்றையும் அங்கேயே சொல்லவேண்டும். லூக்கேமியாவில் பல வகைகள் உண்டு. அவற்றுள் இந்த ஒட்டு உள்ள வகை சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் வகைகளில் ஒன்று. வசதியுள்ள நாடுகளில் இந்த வகை வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். பணம் கட்டி இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னதன் நோக்கமே, பிள்ளைக்கு எவ்வளவு கடுமையான மருந்து தேவை என்று தீர்மானிப்பதுதான். சாபம் என்று கோடிடப்பட்ட வரி அந்த அறிக்கையிலேயே ஆகவும் நல்ல செய்தி. அதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை.

இரட்டையர்களின் சாட்சி

ஒரே உருவமான இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு லூக்கேமியா வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு வயதுக்குள் வருமானால் இருவருக்கும் வருவது கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகென்றால் நூற்றில் பத்திலிருந்து பதினைந்து வரை. இதைக் கேட்டவுடன் யாருக்கும் தோன்றுவது, 'அப்ப பரம்பரை தானே' என்பதுதான். பல காலம் வைத்தியர்களில் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

லண்டனில் மெல் கிறீவ்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கின. இரட்டையர் இருவரின் லூக்கேமியாக் கலங்களிலும் மரபணு உடைந்த இடத்தை அவர்கள் எழுத்து எழுத்தாகப் பார்த்தார்கள். இருவரிலும் உடைவு ஒரே புள்ளியில் இருந்தது. தனித்தனியாக இரண்டு உடல்களில் நடந்திருந்தால் அப்படிப் பொருந்துவது சாத்தியமில்லை. பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் பிள்ளைகளின் எல்லாக் கலங்களிலும் இருக்கவேண்டும், ஆனால் மற்றக் கலங்களில் அது இல்லை. மீதியாக இருப்பது ஒரே விளக்கம். வயிற்றுக்குள் இருக்கும்போது ஒரு பிள்ளையின் ஒரு கலத்தில் உடைவு நிகழ்ந்தது. இருவருக்கும் பொதுவான நஞ்சுக்கொடியின் குருதிக் குழாய்கள் வழியாக அந்தக் கலத்தின் வழிவந்தவை மற்றப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தன. சகோதரத்தின் கலம் சகோதரத்துக்குப் போனது, பெற்றோரின் மரபணுவுக்கு அதில் பங்கில்லை.

1990களின் பிற்பகுதியில் இன்னும் நேரடியான சாட்சியம் கிடைத்தது. குழந்தை பிறந்தவுடன் குதிக்காலில் குத்தி ஒரு அட்டையில் குருதிப் பொட்டு எடுப்பார்கள். இங்கும் தைரொயிட் சுரப்பைப் பார்க்க அப்படி எடுக்கிறார்கள். பிரித்தானியாவில் அந்த அட்டைகள் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கப்பட்டிருந்தன. பின்னாளில் லூக்கேமியா வந்த பிள்ளைகளின் பழைய அட்டைகளைத் தேடியெடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் அதே உடைவு ஏற்கனவே இருந்தது. பிள்ளை சிரித்து, தவழ்ந்து, நடந்து, முன்பள்ளிக்குப் போகும் வரைக்கும் அது அமைதியாகக் கிடந்திருக்கிறது. ஓர் இரட்டையர் சோடியில் ஒருவருக்கு 5 வயதிலும் மற்றவருக்கு 14 வயதிலும் நோய் வெளிப்பட்டது. ஒரே உடைவு, ஒன்பது வருட இடைவெளி.

ஆகவே உடைவு மட்டும் போதாது. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைப் பார்த்தபோது, சுமார் நூற்றுக்கு ஒரு குழந்தையிடம் இந்த ஒட்டு இருந்தது. அப்படிப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. மற்ற 99 பேருக்கும் ஒன்றும் நடப்பதில்லை, அவர்களுக்கு அது தெரியவும் போவதில்லை. நோய் வருவதற்குப் பிறந்த பிறகு அதே கலத்தில் இரண்டாவது, மூன்றாவது மாற்றங்களும் நிகழவேண்டும். முதல் வருடத்தில் சாதாரணத் தொற்றுகளைச் சந்தித்துப் பழகாத நோயெதிர்ப்புத் தொகுதி, பின்னர் ஒரு தொற்று வரும்போது அளவுக்கு மீறிக் கிளர்ந்து அந்த இரண்டாவது மாற்றத்துக்கு வழிவிடுகிறது என்பது கிறீவ்ஸ் முன்வைத்த கருத்து. சிறுவயதில் பராமரிப்பு நிலையங்களுக்குப் போன பிள்ளைகளிடமும், ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த பிள்ளைகளிடமும் இந்த நோய் ஓரளவு குறைவாகக் காணப்படுவது அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது.

கடைசி வசனத்தை எழுதும்போது தயங்கினேன். பால் சுரக்காமல் போன எத்தனையோ தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். நூறாயிரம் பிள்ளைகளை எண்ணும்போது மட்டும் தெரியும் சிறிய வித்தியாசம் அது. ஒரு தாயைப் பார்த்து 'நீ பால் குடுக்கேல்லை, அதுதான்' என்று சொல்ல அதில் இடமில்லை.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா?

உண்டு. ஆனால் மாமி சொல்லும் விதத்தில் இல்லை.

2009 என்றால் எமக்கு வேறு ஞாபகம். அந்த வருடம் செப்டெம்பரில், எங்களில் பலர் மெனிக் பாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு விஞ்ஞான சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாகின. ஒன்று லண்டனில் உள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவகத்தினது, மற்றையது அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள சென் ஜூட் சிறுவர் வைத்தியசாலையினது. லூக்கேமியா வந்த பிள்ளைகளினதும் வராதவர்களினதும் டி.என்.ஏயை இலட்சக்கணக்கான புள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். பெற்றோர் தந்த, உடல் முழுவதும் இருக்கும், முற்றிலும் சாதாரணமான சில எழுத்து வித்தியாசங்கள் நோயுற்ற பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஏ.ஆர்.ஐ.டி 5பி, ஐ.கே.இசட்.எவ் 1 என்ற இரு மரபணுக்களின் அருகில் அவை தென்பட்டன. லண்டன் குழு சி.ஈ.பி.பி.ஈ என்ற மூன்றாவதையும் கண்டது. குருதிக் கலங்கள் எப்படி வளர்ந்து முதிர்கின்றன என்பதில் பங்குள்ள மரபணுக்கள் இவை. பின்னர் வேறு சிலவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

'மரபணு ஆபத்தைக் கூட்டுகிறது' என்று தலைப்புப் போடுவது என்னைப் போன்றவர்களுக்கு இலகு. எவ்வளவு கூட்டுகிறது என்பதைக் கணக்காகப் பார்க்கவேண்டும். 15 வயதுக்குள் இந்த வகை லூக்கேமியா வருவது ஏறத்தாழ 2,000 பிள்ளைகளில் ஒருவருக்கு, அதாவது 10,000 பிள்ளைகளில் 5 பேருக்கு. ஏ.ஆர்.ஐ.டி 5பி வித்தியாசத்தின் ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அந்த 5 பேர் 8 பேராகிறார்கள். 9,992 பேருக்கு ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசங்கள் அபூர்வமானவையும் அல்ல. உங்களிடம் இருக்கலாம், என்னிடம் இருக்கலாம், மாமியிடமும் மாமாவிடமும் இருக்கலாம். ஆரோக்கியமாக 80 வயது வரை வாழ்ந்த பூட்டன் பூட்டிகளிடம் இருந்திருக்கும். குடும்பத்தில் 'ஏழு தலைமுறைக்கு இல்லை' என்பதால் இந்த வித்தியாசம் இல்லையென்று ஆகிவிடாது, ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததால் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இதைச் சோதித்து ஒரு பிள்ளைக்கு நோய் வருமா என்று சொல்ல முடியாது. ஆகையால் வைத்தியர்கள் அதைச் சோதிப்பதும் இல்லை.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை. எல்லா மக்களிடமும் அளவு ஒன்றல்ல. உதாரணமாக, காட்டா 3 என்ற மரபணுவின் ஒரு வித்தியாசம் அமெரிக்கப் பழங்குடிகளின் வம்சாவளியில் வந்தவர்களிடம் கூடுதலாக இருக்கிறது. அது கடினமான ஒருவகை லூக்கேமியாவோடு தொடர்புபட்டது. அங்குள்ள ஹிஸ்பானியப் பிள்ளைகளிடையே இந்த நோய் ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

உண்மையிலேயே பரம்பரையாக வரும் நிலைமைகள் சில உள்ளன. டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் பிள்ளைகளுக்கு லூக்கேமியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் டவுன் நிலையும் பெரும்பாலும் பெற்றோரிடம் இருந்து தொடர்ந்து வருவதல்ல. ரி.பி 53 என்ற காவல் மரபணுவிலேயே பிறவிப் பிழையுள்ள குடும்பங்களில் பல பேருக்கு, பல வகைப் புற்றுநோய்கள், இள வயதில் வரும். பன்கோனி இரத்தச்சோகை போன்ற அரிய நோய்களில் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிழையான பிரதியைக் கொடுத்திருப்பார்கள், சொந்தத்துக்குள் முடித்த குடும்பங்களில் இது நேர வாய்ப்புக் கூட. மச்சானை முடித்ததால்தான் பிள்ளைக்கு வந்தது என்ற பேச்சுக்கு இருக்கும் உண்மை அவ்வளவுதான், சாதாரணமாக வரும் லூக்கேமியாவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இந்த அரிய நிலைமைகள் எல்லாம் சேர்ந்தாலும் சிறுவர் லூக்கேமியாவில் சிறு பங்கே. குடும்பத்தில் பல பேருக்கு இள வயதில் புற்றுநோய் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பது சிகிச்சையையே பிழையான வழியில் கொண்டுபோகலாம்.

தங்கையின் கலியாணத்துக்கு வருவோம். நோயுற்ற பிள்ளையின் சொந்தச் சகோதரங்களுக்கு வரும் வாய்ப்பு இரண்டு தொடக்கம் நான்கு மடங்கு என்று சொல்லப்படுகிறது. மடங்கு என்றால் பயமாக இருக்கும். கணக்கில் அது ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ. சித்திக்குப் பிறக்கப்போகும் பிள்ளை இன்னும் தூரத்து உறவு. அந்தக் காரணத்துக்காக நின்ற கலியாணம் ஒன்றுமில்லாத காரணத்துக்காக நின்ற கலியாணம்.

பங்கருக்குள் இருந்த சிறுமி

இனி அவர் தனியாகக் கேட்ட கேள்வி. அதைப் பேதைமை என்று யாரும் ஒதுக்கவேண்டாம். ஒரு பெண் பிள்ளை பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் அவளுக்குள் இருக்கின்றன. பதின்மூன்று வயதில் அவர் பங்கருக்குள் இருந்தபோது, இந்த மகன் உருவான முட்டையும் அங்கேதான் இருந்தது. தாய் பட்டது முட்டையில் பதியுமா என்பது நியாயமான, விஞ்ஞானிகளே பல்லாண்டுகளாகக் கேட்ட கேள்வி.

ஹிரோஷிமாவில் அதற்கான விடை தேடப்பட்டது. 1945 இல் குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்த சடாகோ சசாகி, 1955 இல் தன் 12ஆவது வயதில் லூக்கேமியாவால் இறந்தாள். காகிதக் கொக்குகள் மடித்த சிறுமி என்று அவளை எங்கள் பாடசாலைகளிலும் அறிவோம். கதிர்வீச்சு அவளுடைய என்புமச்சையையே நேரடியாகத் தாக்கியிருந்தது. குண்டுக்குள் அகப்பட்டவர்களிடையே, அதிலும் சிறுவர்களிடையே, லூக்கேமியா கூடியது சந்தேகமற்ற உண்மை. ஆனால் அங்கே இன்னொரு கணக்கும் எடுக்கப்பட்டது. தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பின்னர் பிறந்த சுமார் 77,000 பிள்ளைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிறுமிகளாகக் குண்டுக்குள் இருந்து பிறகு தாயானவர்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம். பெற்றோர் பட்ட கதிர்வீச்சினால் அந்தப் பிள்ளைகளிடம் லூக்கேமியாவோ வேறு புற்றுநோயோ கூடியதாகத் தெரியவில்லை.

1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கே கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்கு 1987 இற்கும் 2002 இற்கும் இடையில் பிறந்த 130 பிள்ளைகளின் முழு டி.என்.ஏயும் பெற்றோரினதும் எழுத்து எழுத்தாக ஒப்பிடப்பட்டது. 2021 இல் முடிவு வந்தது. பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை.

முள்ளிவாய்க்காலில் விழுந்தவை அணுகுண்டுகள் அல்ல. அணுகுண்டின் கதிர்வீச்சே தாயின் வழியாகப் பிள்ளைக்குப் புற்றுநோயாகப் போனதாகத் தெரியவில்லை என்னும்போது, 13 வயதில் சுவாசித்த புகை 12 வருடங்கள் கழித்துப் பிறந்த மகனின் ஒரு குருதிக் கலத்தில் 12ஆம், 21ஆம் நிறமூர்த்தங்களை உடைத்தது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. கர்ப்பத்தில் இருக்கும்போது வயிற்றில் படும் எக்ஸ்ரே வேறு கதை. 1950களில் ஒக்ஸ்போர்டில் அலிஸ் ஸ்டுவேர்ட் என்ற வைத்தியர் அதைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே அறை வாசலில் 'நீங்கள் கர்ப்பிணியா?' என்று கேட்கும் அறிவித்தலுக்குப் பின்னால் அவருடைய ஆய்வும் இருக்கிறது.

இதைச் சொல்வது போருக்கு நற்சான்று கொடுப்பதல்ல. போர் இந்தப் பிள்ளைகளை வேறு வழிகளில் தொட்டிருக்கிறது. லூக்கேமியாவுக்கு இரண்டு, இரண்டரை வருடம் இடைவிடாத சிகிச்சை வேண்டும். 2009 இல் வன்னியில் இந்த நோய் வந்த பிள்ளைக்கு அடுத்த வாரத்துக் குளிசைகூட நிச்சயமில்லை. இன்றும் தூரம், கடன், சிங்களத்தில் நடக்கும் உரையாடல் ஒன்றைப் புரியாமல் தலையாட்டிவிட்டு வரும் தாய்மார் என்று அதன் மிச்சங்கள் இருக்கின்றன. ஆனால் உன் உடம்புதான் பிள்ளைக்கு நஞ்சைக் கொடுத்தது என்று அந்த 13 வயதுச் சிறுமிக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவருக்கும் இல்லை.

பரம்பரை உண்மையில் முக்கியமாகும் இடம்

குணமாக்கும் மருந்துகளின் கதையில் எங்கள் பக்கத்து ஆட்களும் செடிகளும் உண்டு. 1948 இல் பொஸ்டனில் சிட்னி பாபர் என்ற வைத்தியர் 16 பிள்ளைகளுக்கு ஒரு மருந்து கொடுத்தார், 10 பேரில் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த மருந்து யெல்லப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டலில் தயாரானது. அவர் ஆந்திராவில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதன் வாரிசான மெதோட்ரெக்சேட் இன்றும் பாவனையில் உள்ளது. வின்கிறிஸ்ரின் என்ற ஊசிமருந்து எங்கள் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இதை வாசித்துவிட்டு யாரும் பட்டிப்பூவை அவித்துக் குடிக்கவேண்டாம், அது நஞ்சு. ஊசியில் இருப்பது அளந்த அளவு.

மேர்கப்டோபியூரின் என்ற குளிசையை இந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தினமும் இரவில் விழுங்குகிறார்கள். இதில்தான் பெற்றோர் தந்த மரபணு நேரடியாகக் குறுக்கிடுகிறது. ரி.பி.எம்.ரி, என்.யு.டி.ரி 15 என்ற இரு மரபணுக்கள் இந்த மருந்தின் வீரியத்தை உடலில் கட்டுப்படுத்துகின்றன. இவற்றில் வித்தியாசம் உள்ள பிள்ளைக்கு வழமையான அளவே அதிகமாகிவிடும். வெண்குருதிக் கலங்கள் சரேலென்று விழும், காய்ச்சல் வரும், சிகிச்சை தடைப்படும். ஐரோப்பியர்களிடையே முக்கியமானது முதலாவது மரபணு. கிழக்காசியரிடமும் எம்மைப் போன்ற தெற்காசியரிடமும் இரண்டாவதன் வித்தியாசமே கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டு பிரதிகளும் மாறியிருக்கும் பிள்ளைக்கு மருந்து வழமையின் ஒரு சிறு பங்கே போதும், அந்தச் சிறு பங்கிலேயே மருந்து தன் வேலையைச் செய்துவிடும். குளிசை தொடங்கியபின் பிள்ளையின் கலங்களின் எண்ணிக்கை திரும்பத் திரும்ப விழுந்தால், இந்த மரபணுச் சோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பங்கள் கேட்கவேண்டிய பரம்பரைக் கேள்வி இதுதான்.

இன்னொன்று. இந்த நோய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் வருகிறது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், முகம் வெளிறுதல், அடிபடாமலே நீலம் பாய்தல், கால் நோகுது என்று நடக்க மறுத்தல், கழுத்தில் கட்டிகள். டெங்குக் காலத்தில் குருதிச் சிறுதட்டு குறைந்தால் டெங்கு என்றே எல்லோரும் நினைப்போம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். காய்ச்சல் மாறியும் எண்ணிக்கை ஏறாவிட்டால் எப்.பி.சி சோதனையை இன்னொரு தரம் செய்விக்கவேண்டும். இந்தத் தாய் கால் நோவுக்கு மூன்று கிழமை எண்ணெய் பூசியிருக்கிறார்.

இரண்டாம் தடவை நான் அவரைச் சந்தித்தபோது பிள்ளை தலைமயிர் இல்லாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு, என் ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தான்களை அமத்திக்கொண்டிருந்தான். வாசித்ததை எல்லாம் சொன்னேன். இரட்டையர் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். ஹிரோஷிமாக் கணக்கைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை, பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு பொலித்தீன் பையைத் திறந்து அறிக்கையை எடுத்தார். கோடிட்ட வரிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, தமிழில் எழுதித் தரச் சொன்னார். "பிள்ளையின் குருதிக் கலத்தில் மட்டும் ஏற்பட்ட மாற்றம். தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. நன்றாகக் குணமாகும் வகை" என்று எழுதினேன். அவர் அதைப் படம் பிடித்து முதலில் தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

"மாமிக்கு?"

"அவவுக்கு இவர் வாசிச்சுக் காட்டட்டும் அக்கா" என்று கணவரைக் காட்டினார்.